ஒரே ராவில்

பொடியனுக்கு விரலிடுக்கெல்லாம் சிரங்கு.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்:
"ஒரு பாயில ஆர் ஆர் படுக்கிற?"
நாலு பேர் என்றேன்.
"சசிரேகா மாமிட புள்ளையளும்" என்றான் இவன்.

வேலிக் கேஸ் போட்டு மூன்று வருஷம்,
நாங்கள் பேசுவதில்லை.
கிடுகில் ஓட்டை இருப்பது
கோர்ட்டுக்கும் தெரியாது, எனக்கும்.

"ரெண்டு வீடும் ஒரே ராவில பூசணும்,
கழுத்திலிருந்து உள்ளங்கால் மட்டும்.
உடுப்பு, சீலை எல்லாம் அவிக்கணும்.
ஒருத்தர் விட்டாலும் திரும்ப வரும்."

அவளுடைய போத்தல்களைக்
கதியாலில் கட்டிவிட்டு வந்தேன்.
பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

மருந்து நாறும் பாயில்
கண்மூடாமல் கிடக்கிறேன்.
வேலிக்கு அந்தப் பக்கம்
வறட் வறட்டென்று யாரோ சொறிகிற சத்தம்.

பூசடி.
பூசித் தொலையடி.