மூன்று பலகைகள், மைனஸ் இருபத்தாறு

கயானிக்கு வடக்கே, மரவெட்டு முகாமின் சாப்பாட்டறை.
மேசைமேல் மூன்று டேப்லெட்டுகள்.
ஏதோ ஒரு ரகம், நாற்பது வாங்க வேண்டும்.
எது என்று வெள்ளிக்குள் எழுதித் தர வேண்டியவள் நான்.

முதலாவது ஒன்றரைக் கிலோ.
பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்
காபி ஊற்றி, சர்க்கரை தேடி,
கரண்டி கழுவித் திரும்பினால்
அப்போதுதான் எழுந்து உட்கார்ந்து வரவேற்கிறது.
மேசைக் கணினியின் சட்டையைக்
கைவைத்துத் தைக்காமல் அப்படியே
மாட்டிவிட்டிருக்கிறார்கள் இதற்கு.
மூலையில் மூடச்சொல்லும் பெருக்கல் குறி எள்ளளவு.
என் விரல் அவரைக்காய்.
மூடப் போனால் பெரிதாகிறது,
பெரிதாக்கப் போனால் மூடிக்கொள்கிறது.
அதற்காகத்தான் விலாவில் ஒரு துளை,
துளைக்குள் ஓர் எழுத்தாணி.
உள்ளே ஒரு விசிறி
மூக்கடைத்துத் தூங்குகிறவன்போல்
இரைந்துகொண்டே இருக்கிறது.

இரண்டாவது கண்ணாடி.
என்ன சொல்ல, கண்ணாடி.
தள்ளினால் வழுக்குகிறது.
பட்டியல் முடிந்தால் முட்டிக்கொள்ளாமல்
மெல்லத் துள்ளித் திரும்புகிறது.
அதை மட்டும் பதினோரு முறை செய்து பார்த்தேன்.
அறிக்கையில் அது இல்லை.
வரைபடத்தைத் திறந்தால் கடிதம் காணாமல் போகும்,
ஒரு நேரத்தில் ஒரு வேலைதான்.
மெமரி கார்டுக்கு வாசல் இல்லை.
எது கேட்டாலும் தன் கடையைக் கைகாட்டுகிறது.
பணக்கார வீட்டு விருந்தினர் அறை:
எல்லாம் இருக்கும்,
சுவரில் ஓர் ஆணி அடிக்கக் கூடாது.

மூன்றாவது,
கைப்பேசிக்குத் தைத்ததை
அகலமாய் இழுத்து மாட்டிக்கொண்டு வந்தது.
நடுவில் வெள்ளை வெளி,
உறைந்த ஏரிமேல் மீன்பிடிக் கூடாரம்போல்
ஒற்றைப் பொத்தான்.
ஆனால் தாழ்ப்பாள் இல்லாத வீடு.
லஸ்ஸே உள்ளே புகுந்து
எங்கள் மொழியின் புள்ளி வைத்த எழுத்துகளை
இரண்டே இரவில் விசைப்பலகையில் ஏற்றினான்.
மூன்றாம் இரவு அது கண் திறக்கவில்லை.
நாலாம் நாள் திறக்க வைத்தான்.
கெடுக்கவும் விடும், திருத்தவும் விடும்.

இவ்வளவும் எழுதி முடித்து
மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கையில்
ரெய்யோ வந்தான்.
தாடியெல்லாம் பனி.
பதினாறு டன் அறுவை இயந்திரத்தை
ஒற்றை மரத்தைச் சுற்றித் திருப்பத் தெரிந்தவன்.
கையுறையோடு கண்ணாடியைத் தொட்டான்.
ஒன்றுமில்லை.
கையுறையைப் பல்லால் கழற்றித் தொட்டான்.
ஒன்றுமில்லை.

மறந்தே போயிருந்தேன்.
சங்கிலி ஒரு மார்ச்சில் கொண்டுபோன
ஆள்காட்டி விரலின் முனையில்
பிளாஸ்டிக் தொப்பி.

மெய் பட்டால்தான் நம்பும் இந்தக் கண்ணாடி.
மூன்றாவதும் அதே ரகம்.

"நான் இங்கே இல்லையாம், ஐலா" என்றான்.
சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.
பிறகு குனிந்து
மூக்கால் தொட்டான்.
வரைபடம் விரிந்தது.
சூப்பை விட்டுவிட்டுப் பன்னிரண்டு பேர்
மேசையைத் தட்டினார்கள்.

கிழட்டு முதலாவதை இழுத்துப் பக்கத்தில் வைத்தான்.
பிளாஸ்டிக் விரலுக்குத் திறந்தது,
பென்சிலுக்குத் திறந்தது,
வெண்ணெய்க் கத்தியின் பிடிக்கும் திறந்தது.
ஆள் யாரென்று கேட்கவில்லை,
அழுத்தம் இருக்கிறதா, அவ்வளவுதான்.
அதையே வெளியே எடுத்துப் போனோம்.
ஏழு நிமிடம்.
விசிறி நின்றது, திரை சாம்பலானது,
எழுத்தாணி பனியில் விழுந்து
இன்னும் கிடைக்கவில்லை.

பரிந்துரை என்ற கட்டத்தில் எழுதினேன்:
இன்னொரு குளிர்காலம், தாளும் பென்சிலும்.
தலைமையகத்தில் யாருக்கும் பிடிக்காது.

மாதிரிகளைத் திருப்பி அனுப்ப
அட்டைப்பெட்டி மடித்தபோது
கண்ணாடியை விளக்கில் சாய்த்துப் பார்த்தேன்.
என் விரல்கள் ஓடிய தடங்கள், நூறு இருக்கும்.
நட்டநடுவில்
பிசுபிசுப்பாய், வட்டமாய்,
ஒரு மூக்கு.

துடைக்கும் துணி கையில்தான் இருந்தது.
பெட்டியை ஒட்டினேன்.