வலது கண்ணுக்கு ஒரு புள்ளி

நிலவு ஐந்து தெரியுது என்றேன்.
வேலைக் களைப்பு என்றான் நிமலன்.

போர்ட்டேஜ் அவென்யூ விளக்குகளுக்கு
வால் முளைத்திருந்தது.
முன்னால் போகும் காரின் இலக்கத்தை
யாரோ மூன்று தரம்
அழிக்காமல் மேலே மேலே எழுதியிருந்தார்கள்.
பதினொரு வருடம் வின்னிபெக்கில் பஸ் ஓட்டியவள்.
ஒருவருக்கும் சொல்லாமல் லீவு போட்டேன்.

டாக்டர் கோவல்சுக் திரையைத் திருப்பிக் காட்டினார்.
என் கருவிழியின் வரைபடம்:
நீலச் சமவெளி, கீழ்ப்பக்கமாய்ச் சரிந்து
ஒரு சிவப்புக் குன்று.
"மூக்குக் கண்ணாடி இதைத் திருத்தாது.
மென்மையான லென்ஸ் போட்டால்
அதுவும் குன்றாகிவிடும்.
உங்களுக்கு வளையாத ஒன்று வேண்டும்."

வளையாத ஒன்று
சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாய் வந்தது.
வலதுக்குரியதில் ஒரு கறுப்புப் புள்ளி,
இடதுக்கு ஒன்றுமில்லை.
மூச்சு விடுமாம், காற்றைக் கண்ணுக்குள் விடுமாம்.
குடிவரப்போகிறவரின் நல்ல குணங்களை
வீட்டுத் தரகர் சொல்வதுபோல் இருந்தது.

முதல் நாள் இரண்டு மணி நேரம்.
கண்ணுக்குள் ஓர் இமைமயிர்.
இல்லை, அதன் முழுக் குடும்பமும்.
கீழே பார், மெதுவாக இமை என்றது தாள்.
வெங்காயம் நறுக்கும் முகத்தோடு
சமையலறைத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
மறுநாள் மூன்று மணி. அதற்கடுத்த நாள் நான்கு.

அன்றைக்குத்தான் ஓட்டு இடுக்குகளில் அழுக்குத் தெரிந்தது.
ஆறாம் நாள், நிமலனின் காதோரம் நரை.
எப்ப இருந்து? என்றேன்.
நீ பாக்காத நாளிலயிருந்து என்றான்.
பகிடியா என்று முகத்தைப் பார்த்தேன்.
பார்க்க முடிந்தது.

இரண்டாம் தரம் போனபோது
கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு
நீல வெளிச்சம் அடித்தார் டாக்டர்.
லென்ஸுக்கும் எனக்கும் நடுவே
பச்சையாய் ஒளிர்ந்தது ஒரு குட்டிக் குளம்.
கண்ணீர்தான்.
மேடுபள்ளத்தை நிரப்புவது அதன் வேலை,
ஒழுகாமல் மேலே மூடிப் பிடிப்பது மட்டும்தான்
இத்தனை விலை கொடுத்து வாங்கியது.

குழாய்த் தண்ணீர் படக்கூடாது.
எச்சில் கூடவே கூடாது.
சிங்கை அடைத்த பிறகே கையில் எடுக்க வேண்டும்.
அடைக்க மறந்த காலை, மணி நாலரை.
நிமலன் ஸ்பானரோடு சிங்குக்குக் கீழே படுத்தான்.
வளைகுழாயைக் கழற்றி வாளியில் கவிழ்த்தோம்:
தலைமயிர், பற்பசை மூடி,
போன வருடம் அவன்தான் தொலைத்தான் என்று
நான் இரண்டு நாள் பேசாமலிருந்த தோடு.
லென்ஸ் மட்டும் இல்லை.
அது என் பைஜாமா முழங்காலில்
ஒட்டிக்கொண்டு எங்களைப் பார்த்திருந்தது.

மார்ச்சில் பனி உருகி
வீதியில் தூவிய மணலை விட்டுப் போகும்.
காற்று அதைக் கிளப்பி ஒரு துகளை
லென்ஸுக்குக் கீழே செருகினால்
ஊசி. வேறு சொல் இல்லை.
தரிப்பிடத்தில் நிறுத்தி, கைதுடைத்து,
உறிஞ்சும் ரப்பரைத் தேடுகையில்
ஹாக்கிப் பையோடு நின்ற பெடியன்
தன் போனைக் கண்ணாடியாய்ப் பிடித்தான்.
நேரம் எடுங்க என்றான்.
பின் இருக்கையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.
எடுத்தேன், நேரத்தையும் மணலையும்.

கடைசித் தரிப்பிடம் தாண்டி
வெறும் பஸ்ஸோடு திரும்பும் இரவு
வயல்வெளிக்கு மேலே நிலவு ஒன்று.
ஓரம் கத்தரித்ததுபோல் சுத்தமாய்.
சந்தோஷம்தான்.
கொஞ்சம் ஏமாற்றமும்.

வீட்டுக்கு வந்து
புள்ளியுள்ளதை வலது குழியில்,
இல்லாததை இடது குழியில் ஊறவிட்டு
மூடியைத் திருகுவேன்.
சில இரவுகளில்
படுக்கப் போகுமுன் ஜன்னலுக்குப் போவேன்,
மற்ற நான்கும் வந்துவிட்டனவா என்று.