பாரம் எந்தக் காலில்

காதுவலி என்று போனாலும்
முதலில் தராசில் ஏறச் சொல்லும் டொக்டர் எனக்கு.
ஏறுவேன். அவர் பெருமூச்சு விடுவார்.
காது அதன்பாட்டுக்கு வலித்துக்கொண்டிருக்கும்.

அதனால்தான், பீல் நகரத்தில்,
பழைய கடிகாரத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடியில்,
டாங்கோ பழக்குகிற றெகுலா
என் கண்ணை நேரே பார்த்து
"உங்கள் பாரம் இப்போது எங்கே?" என்று கேட்டபோது
நான் எழும்பிப் போயிருப்பேன்.
கோட்டு அவளுக்குப் பின்னால் தொங்கியது.

எங்கே என்று சொல்ல?
தொடையில். மேற்கையில்.
சட்டை தைக்கிற லோஜினி
ஒவ்வொரு வருஷமும் ஒன்றும் பேசாமல்
கூட்டி வெட்டுகிற இரண்டு அங்குலத்தில்.
கலியாண வீட்டு வீடியோவில் கமரா
அவசரமாய்த் தாண்டிப்போன இடத்தில்.
நான்கு பேர், முந்நூறு கிலோ என்று எழுதிய லிஃப்டில்
எல்லாரும் அந்த எழுத்தை வாசிப்பார்களே,
அங்கே.

அவள் கேட்டது அதையல்ல.
எந்தக் காலில், என்றாள். இடதா, வலதா?
இரண்டிலும் வைத்துக்கொண்டு நின்றால்
கூட ஆடுகிறவருக்கு ஒன்றும் விளங்காது.

நாற்பத்துமூன்று வருஷம்
இரண்டு காலிலும்தான் நின்றிருக்கிறேன்.

சப்பாத்து வார் கடைசி ஓட்டைக்கு எட்டவில்லை.
ஸ்டேஷன் சுரங்கப்பாதையில் கடை வைத்திருக்கிற போர்த்துக்கீசர்
ஒரு துண்டுத் தோலைப் பொருத்தி நீட்டினார்.
பதினொரு பிராங்க். கொஞ்சம் வேறு கறுப்பு.
"ஆடுவதற்கா?"
"ஓம்."
"அப்படியென்றால் தாருங்கள்" என்று திரும்ப வாங்கி
இரட்டைத் தையல் போட்டார்.

பெயாட் தபால்காரர், மெலிந்த மனுஷன்.
முதல் நாள் என் முதுகுக்கு ஒரு விரற்கடை தள்ளிக்
கையை அந்தரத்தில் வைத்திருந்தார்,
சுடுகிறதா என்று தாச்சிக்கு மேலே பிடிக்கிறமாதிரி.
றெகுலா வந்து அந்தக் கையை எடுத்து
என் தோள்பட்டைக்குக் கீழே
முத்திரை குத்துவதுபோல் அமர்த்தினாள்.
இருவருக்கும் வியர்த்தது.
நாலாம் கிழமை அவர் சொன்னார்:
"நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று
எனக்குத் தேடவேண்டியிருப்பதில்லை."
புகழ்ச்சியா என்று எனக்குத் தெரியவில்லை.
அவருக்கும் தெரியவில்லை.

பகலில் நான்
எள்ளிலும் சிறிய திருகாணிகளைச்
சாமணத்தால் பொறுக்கி வைக்கிறவள்.
பெரிய கை. ஒருநாளும் நடுங்கியதில்லை.
அதை மட்டும் யாரும்
என் உடம்போடு சேர்த்து எண்ணுவதில்லை.

எட்டு போட்டுத் திரும்பும்போது
வயிறு அரைத் தாளம் பிந்தி வந்து சேர்கிறது.
வெட்கமாக இருந்தது.
பிறகொரு வியாழன், பாட்டில் அந்தத் துருத்திப்பெட்டியும்
இழுபட்டு, மூச்சு வாங்கி,
பிந்தித்தான் வருகிறது என்று கேட்டேன்.
அன்றைக்கு இரண்டு தரம்,
எண்ணி இரண்டே தரம்,
நாங்கள் மூவரும் ஒன்றாய் வந்து சேர்ந்தோம்:
பெட்டி, வயிறு, நான்.

கோயிலில் சிவமலர் அக்கா பிடித்துக்கொண்டா.
"டான்ஸுக்குப் போறியாம். நல்லது பிள்ளை.
எத்தினை கிலோ குறைஞ்சது?"
"குறையேல்லை அக்கா.
இடம் மாறுது."
அக்கா சர்க்கரைப்பொங்கலைக்
கொஞ்சம் யோசித்துத்தான் என் தட்டில் வைத்தா.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம்.
கண்ணாடிச் சுவர்ப் பக்கம் இன்னும் போவதில்லை.
தூணோடுதான் என் இடம்.
வெள்ளிக்கிழமைகளில் முழங்கால்
படியிறங்கும்போது என்னைப் பெயர் சொல்லித் திட்டுகிறது.

நேற்று ட்றொலிபஸ் சடாரென்று பிரேக் அடித்தது.
எல்லாரும் முன்னுக்குச் சரிந்தார்கள்.
நான் இடது காலில் நின்றேன்.
பள்ளிப் பையோடு ஒரு பொடியன்
என் கோட்டைப் பிடித்துத் தொங்கி,
முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டான்.

பிடி தம்பி, என்றேன் தமிழில்.
அடுத்த தரிப்புவரை அவன் விடவில்லை.