ஏழாவது கேள்வி

வைரக்கண்ணுவின் பாலிசி
ஐப்பசி மழையில் காலாவதியானது.
மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறது
மன்னார்குடிக் கிளையின் கணினி.

நான் பார்த்தேனே.
கிரேஸ் நாள் முப்பது,
கருணை நாள் என்று தமிழில் அச்சடித்திருக்கிறார்கள்,
அதில் இருபத்தெட்டாவது நாள்
வடுவூர்ச் சாலையில் பாதியை மறித்து அவர் நெல் கிடந்தது.
மேலே நீலத் தார்ப்பாய், அதன்மேல் செங்கல்,
செங்கலுக்குப் பக்கத்தில் அவர்.
கொள்முதல் நிலையத்துக் கருவியில் ஈரம் இருபத்திரண்டு.
பதினேழுக்கு இறங்கினால்தான் மூட்டை ஏறும்.
“நெல்லு காயணும், காசு வரணும்,
அப்புறந்தான் சார் சாவெல்லாம்.”
சிரித்தோம்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு ரூபாய்.
போன தவணைக்கு என் கைக்காசு போட்டிருந்தேன்,
அவர் தரவில்லை, நான் கேட்கவில்லை.
இந்தமுறை என்னிடம்
பெட்ரோலுக்கு மட்டும் இருந்தது.

இன்னும் ஒரு தவணை கட்டியிருந்தால்
மூன்று முழு வருஷம்,
கொஞ்சமாவது தேறியிருக்கும்.
கடைமடைக்கு ஒரு வயல் முன்னால்
தண்ணீர் நின்றதுபோல என்று எழுதலாம்,
அழகாகத்தான் இருக்கும்.
ஆனால் வாய்க்காலுக்கு முறை உண்டு,
மறுபடி வரும்.

தை மாதம் புதுப்பிக்கப் போனேன்.
வட்டியோடு எண்ணி
ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள் செங்கமலம்.
படிவத்தில் ஏழாவது கேள்வி:
கடந்த மூன்றாண்டுகளில் ஏதேனும் நோய்?

அவர் இடது காலைப் பின்னுக்கு இழுத்தார்.
கட்டைவிரலில் வேட்டித் துணி சுற்றியிருந்தது.
“சேத்துப்புண்ணு” என்றார்.
“சக்கரை” என்றாள் செங்கமலம்,
என்னைப் பார்க்காமல்.

ஆம் என்றால் டாக்டர், ரத்தம், தஞ்சாவூருக்குக் கடிதம்,
பதில் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
இல்லை என்றால் இன்றைக்கே ரசீது;
பிறகொரு நாள் எவனோ ஓர் அதிகாரி
இதே தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பான்,
எதிரில் இவள் நின்றிருக்கும்போது.

“நீங்களே எழுதிருங்க சார்.”

பேனா என்னுடையது.
இருபத்தோரு வருஷம், நாற்பது ஊர்,
ஒவ்வொருவர் சாவுக்கும் விலை சொல்லித்
தேநீர் குடித்து எழுந்து வந்தவன்
உடம்பு நல்லா இருக்கா என்று
ஓர் ஆளிடம்
பதில் வேண்டிக் கேட்டது அன்றைக்குத்தான்.

“இருக்கேனே” என்றார்,
காலை இன்னும் கொஞ்சம்
உள்ளே இழுத்துக்கொண்டு.