பால் மாதிரி

ஊதியூர்ப் பிரிவில் நாலே முக்காலுக்கு
ஜீப்பின் விளக்கை அணைத்துவிட்டு நிற்கிறோம்.
திருடர்கள் மாதிரி என்கிறான் ஓட்டுநர் கனகசபை.
திருடனுக்குப் பயணப்படி கிடையாது என்கிறேன்.
பனியில் நனைந்த மக்காச்சோளத் தூசு
கண்ணாடியில் அப்பிக் கிடக்கிறது.

முதல் வண்டி சென்னியப்பனுடையது.
சத்தத்திலேயே தெரியும்,
இரண்டு கேன் நிறைந்தது, ஒன்று பாதி.
தளும்புவது அதுதான்.
கை காட்டியதும் இறங்கி
செருப்பைக் கழற்றிவிட்டுத் தார் ரோட்டில் நிற்கிறார்.
"செருப்பைப் போட்டுக்கங்க."
போட்டுக்கொள்ளவில்லை.

நான் எடுக்கும் பாலுக்கு நான் விலை தர வேண்டும்,
அது சட்டம்.
அரை லிட்டர், இருபத்திரண்டு ரூபாய்.
"காசெல்லாம் எதுக்குங்க மேடம்,
ஒறம்பறையாட்ட வந்திருக்கீங்க."
வாங்கிக்கொண்டால்தான்
உங்கள்மேல் வழக்குப் போட முடியும் என்பதை
எந்த மரியாதையான சொல்லில் சொல்வது?
ரசீதில் அவர் பெயரை எழுத்துக்கூட்டி எழுதி முடிப்பதற்குள்
மலை இருட்டிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கிறது.

சாட்சி வேண்டும்.
டீக்கடை மாரப்பன் பாய்லருக்குப் பின்னால் போய்விட்டார்.
பேப்பர் படித்தவர் பேப்பருக்குள்ளேயே.
கடைசியில் தேங்காய் லோடு ஏற்றி வந்த
ஒட்டன்சத்திரத்து டிரைவர்,
"எனக்கென்ன, நானா இந்தப் பாலைக் குடிக்கப்போறேன்"
என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார்.

நாலு குப்பி.
ஒவ்வொன்றிலும் எண்ணி எண்ணிச் சொட்டு விடுகிறேன்.
"அது என்னங்க?"
"பார்மலின். ஆய்வகம் போற வரைக்கும் கெடாம இருக்கறதுக்கு."
குப்பியையே பார்க்கிறார்.
"அதைக் கலந்தாருன்னுதானுங்களே
போன மாசம் தாராபுரத்துல ஒருத்தரப் புடிச்சீங்க?"
"ஆமாங்க."
நோட்டீஸ் கொடுக்கும்போதுகூட
'ங்க' போடாமல் எனக்குப் பேச வராது.

நூலின்மேல் அரக்கு உருகி விழுகிறது.
இனிமேல் அது பால் இல்லை,
பால் மாதிரி.

லாக்டோமீட்டர் கேனுக்குள்
நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல்
இரண்டு கோடு கீழே இறங்குகிறது.
தண்ணீர் என்கிறது கருவி.
"சத்தியமா ஊத்தலைங்க" என்கிறார்.
மாசி மாதம். ஐப்பசியே பொய்த்த வருஷம்.
கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் தூரோடு காய்ந்து,
கிளுவை வேலி வெறும் குச்சியாக நிற்கிறது.
சோளத்தட்டு மட்டும் தின்கிற மாட்டுக்குப்
பால் இறங்கும், சத்து இறங்காது.
எட்டு புள்ளி மூன்று என்கிறது விதி.
மழை தவறிய வருஷத்துக்கென்று
அதில் வேறொரு எண் இல்லை.

அல்லது
அந்தப் பாதிக் கேனில்
போர்த் தண்ணீர் ஒரு சொம்பு விழுந்திருக்கலாம்.
வட்டி கட்டுகிற வீட்டில்
சொம்புக்குக் கை நீளம்.
பதினைந்து வருஷமாக முகங்களைப் பார்க்கிறேன்.
கொழுப்பில்லாத் திடப்பொருள் எவ்வளவு என்று
எந்த முகத்திலும் எழுதியிருக்கவில்லை.

குப்பிகள் ஐஸ் பெட்டிக்குள் போகின்றன.
கோயம்புத்தூர் போய்த் திரும்ப, பதினாலு நாள்.
"நாலும் ஒரே கேன்ல எடுத்ததுங்க.
நாலும் ஒண்ணையேதான் சொல்லுமுங்களா?"
"சொல்லணுங்க."

பாய்லருக்குப் பின்னாலிருந்து மாரப்பன் வந்துவிட்டார்.
கேட்காமலே இரண்டு டீ.
"யார் பாலு?"
"நம்ம சென்னியப்பன் பாலுதானுங்க, நேத்தைய மிச்சம்."
கனகசபை என் முகத்தைப் பார்க்கிறான்.
குடித்தேன். சூடாக இருந்தது, இனிப்பு அதிகம்.
காசு கொடுத்தேன், மாரப்பன் எண்ணி வாங்கிக்கொண்டார்.

சென்னியப்பன் இன்னும் போகவில்லை.
வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.
ஒற்றைச் செருப்பைக் காணோம்,
நாய் கவ்விக்கொண்டு போயிருக்க வேண்டும்.
டார்ச்சை எடுத்து
வேலியோரம் நானும் கொஞ்ச நேரம் தேடினேன்.