முதல் மாதத்துக் கத்தரி

முதல் மாதத்தில் முடி வெட்டினால்
தாய்மாமன் செத்துப்போவான்.
எங்கள் ஃபூஷினில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும் இது.
அதனால் பழைய வருடத்தின் கடைசி மூன்று நாள்
என் கடையில் நிற்க இடமிருக்காது.
சுரங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைகள்,
பள்ளிக்கூடத் தலைகள்,
பேருந்து ஓட்டுநரின் அரைத் தலை.
எத்தனை மாமன்களைக் காப்பாற்றியிருப்பேன்,
ஒருவனும் ஒரு பன்றித்தொடை அனுப்பியதில்லை.

பிறகு கத்தரியைச் சிவப்புத் துணியில் சுற்றி
இழுப்பறையில் படுக்க வைப்பேன்.
ஐந்தாம் நாள் வரை அது வாய் திறக்கக் கூடாது,
திறந்தால் வருடம் முழுக்க வீட்டில் வாய்ச்சண்டை.
துடைப்பத்தையும் தொடக்கூடாது,
பெருக்கினால் வந்த செல்வம் வாசல்வழி போய்விடும்.
(வந்தது எந்த வழியாக என்று
மனைவி வருடாவருடம் கேட்பாள்.)

நான்காம் நாள் மாலை. கண்ணாடியெல்லாம் பனிப்பூ.
உறைந்த பேரிக்காயைக் குளிர்நீரில் போட்டு
கறுத்து இளகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.
கதவில் தலைகீழாய் ஒட்டிய 'நற்பேறு' எழுத்தைத் தள்ளிக்கொண்டு
ஒருத்தி வந்தாள்.
பின்னல் இடுப்புக்குக் கீழே.
"காது வரை வெட்டுங்கள்."

"மாமா இருக்கிறாரா?" என்றேன்.
கேட்பது தொழில் மரியாதை,
மருத்துவர் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்பதுபோல.

"ஒருவர் இருக்கிறார்," என்றாள்.
"அதனால்தான் வந்தேன்."

கிண்ணத்தில் பனிக்கட்டி விரிசல் விட்டது.

பெயர் மியாவ் லிஷுவாங்.
சுரங்கம் அடியில் தோண்டித் தோண்டி
மண் உள்வாங்கிய தெருவில் வீடு.
நஷ்டஈடு வந்தது.
ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து
தாளில் அழுத்தியவன் அம்மாவின் தம்பி.
"அந்தச் சிவப்பு மை
எரிக்கும் நாள்வரை விரலில் இருந்தது" என்றாள்,
விலைப்பட்டியல் படிக்கிற குரலில்.

நானும் ஒருத்திக்குத் தாய்மாமன்.
ஷென்யாங்கில், மருந்துக்கடையில் இருக்கிறாள்.
நான் யார் விரலையும் எந்தத் தாளிலும் வைத்ததில்லை.
அக்காவின் தையல் இயந்திரம் மட்டும்
என் வீட்டிலேயே நின்றுவிட்டது.
பிடரி குறுகுறுத்தது.

சிவப்புத் துணியைப் பிரித்தேன்.
பின்னலை அவிழ்த்து வலப்பக்கம் முடித்தபோது
அவள் போன் அடித்தது.
திரையில் 'மாமா'.
மூன்று பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்:
நான், அவள்,
கண்ணாடியில் பாதி முடியோடு இருந்தவள்.

நின்றது. மறுபடி அடிக்கவில்லை.
"பாதிக்கு என்ன ஆகும்," என்றாள், "காய்ச்சலா?"
"தெரியாது. பாதியில் யாரும் எழுந்து போனதில்லை."
சிரித்தாளா என்று சொல்ல முடியாது.
"சமமாக வெட்டுங்கள்."

எங்கள் மொழியில் 'மாமன் சாவு' என்பதும்
'பழையதை நினைத்தல்' என்பதும் ஒரே ஓசை.
என்றோ யாரோ பழையதை நினைத்து முடி வளர்த்தார்களாம்,
காது பிசகியதில் மாமன்கள் மாட்டிக்கொண்டார்களாம்.
அவளிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.
சீப்பு என் வாயில் இருந்தது.

நாற்பது யுவான்.
நான்கின் ஓசையிலும் சாவு இருக்கிறது,
நாக்கைத் திருப்பி முப்பத்தெட்டு என்றேன்.
அவள் நாற்பதைத்தான் வைத்தாள், எண்ணி.

முடி தரையில் கிடந்தது,
வீட்டுப் பூனையைவிடக் கனமாக.
இன்னும் நான்காம் நாள், பெருக்க முடியாது.
இரவெல்லாம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்,
பேரிக்காய்ச் சாறு முழங்கை வரை வழிய.

ஐந்தாம் நாள் விடியலில் வறுமையைத் துரத்தத்
தெருவெங்கும் வெடித்தார்கள்.
துடைப்பத்தை எடுத்தேன்.
செல்வம் என்றால் வாசலிலிருந்து உள்ளே பெருக்க வேண்டும்.
குப்பை என்றால் உள்ளிருந்து வெளியே.
முடி எந்தப் பக்கம்?
வெடிப்புகை அடங்கும்வரை நின்றேன்.

துடைப்பத்தைச் சாத்திவிட்டு
ஷென்யாங்குக்குப் போன் போட்டேன்.
மணி போய்க்கொண்டே இருந்தது.