தெற்கு யன்னல்

உறுதி எழுதி ஒன்பதாம் நாள்
திறப்பு மூன்று வந்து சேர்ந்தன.
இரண்டு எதற்கும் பொருந்தவில்லை.
மூன்றாவதுக்குக் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டுமாம்.
விற்றவர் ஒஸ்லோவில் இருந்து வாட்ஸ்அப்பில் சொன்னார்,
பின்னால் யாரோ பனி வழிக்கும் சத்தம்.

கொழும்புத்துறையில்,
கடலேரிக்கு எண்பது அடி தள்ளி
எங்களுடைய வீடு.
எங்களுடைய என்று சொல்ல நாக்கு இன்னும் கூசுகிறது.
பதினெட்டு வருடம் வங்கிக்குக் கட்ட வேண்டிய வீடு
என்றால் சரியாக வருகிறது.

மேசன் சூசைதாசன் முன்னுக்கு நடக்கிறார்
சுவரைத் தட்டித் தட்டி,
பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி.
சில இடங்களில் நின்று காதை வைக்கிறார்.
“இது நிக்கும்.”
“இது நிக்காது.”
“இது நிக்கிற மாதிரி நடிக்குது.”
கஜரூபன் ரேப்பை இழுத்துக்கொண்டு பின்னால்.
பிறிட்ஜ் எங்கே நிற்கும் என்பதுதான் அவருடைய கவலை.

குசினிப் புகைக்கூட்டுக்குள் ஒரு மைனாக் குடும்பம்,
எங்களுக்கு முந்திய உறுதியோடு.
சுவரெல்லாம் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருந்தது.
யாரும் பார்க்காத நேரம்
விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன்.
ஏரிதான்.
வருடத்துக்கு ஒரு விரற்கடையாக
உள்ளே ஏறி வந்திருக்கிறது.

நடு அறையில் சிங்களத்தில் ஐந்து பெயர்கள்,
ஒவ்வொன்றுக்கும் கீழே கரிக்கோடுகள்.
நாட்களை எண்ணியதா, சீட்டாட்டப் புள்ளியா தெரியவில்லை.
ஒருவர் மட்டும் நிறைய வென்றிருக்கிறார்,
அல்லது நிறையக் காத்திருக்கிறார்.
யாரோ மேலே பூசிய நீலம் உதிர உதிர
அவர்கள் வெளியே வருகிறார்கள்.
“ரெண்டு கோட் அடிச்சால் போகும்” என்றார் சூசைதாசன்.
கொப்பியில் எழுதினேன்: இரண்டு கோட்.

பிறகு கடைசி அறை.
பகல் பதினொன்றுக்கு டோர்ச் தேவைப்பட்டது.
ஏரிப் பக்கச் சுவரில் யன்னல் நிலை இருக்கிறது,
மரம் பழுதில்லை, கொளுக்கிகூட இருக்கிறது.
நிலைக்குள் மட்டும்
கீழிருந்து மேல்வரை கல்.

“இதை உடைக்க எவ்வளவு முடியும்?”

சூசைதாசன் தட்டவில்லை.
தொப்பியைக் கழற்றினார்,
தலை சொறியத்தான்.

“இது நான் கட்டினது, பிள்ளை.
தொண்ணூற்றொண்டு. எனக்குப் பதினாலு வயசு,
மாமாவுக்குக் கையாளா வந்தனான்.
சீமெந்து உள்ளை வராத காலம்.
சுண்ணாம்பும் மண்ணும் குழைச்சு,
இடிஞ்ச பள்ளிக்கூடத்துக் கல்லாலை
ஒரு ராவுக்குள்ளை.
தண்ணிப் பக்கமிருந்து சூடு வாற நாள்.
ரெண்டு மாசம் நிண்டால் காணும் எண்டு கட்டினது.”

நான் அப்போது பிறக்கவில்லை.
கஜரூபன் கைவிட்ட ரேப்
தானாகச் சுருண்டு பெட்டிக்குள் ஓடியது.

“லெவல் பிழை” என்றார் வெட்கத்தோடு,
நாலாவது வரியைத் தடவி.
“சரிஞ்சு போச்சு. மாமா ஏசினவர்.”

அடுத்த வரியில்,
இடமிருந்து மூன்றாவது கல்லில்
இரண்டு விரலை வைத்து இழுத்தார்.
கல் வந்தது,
லாச்சி வருவது போல.

“இதுக்கு மட்டும் சாந்து வைக்க வேண்டாமெண்டு
வீட்டுக்கார அம்மா சொன்னவ.
ஏன் எண்டு நான் கேக்கேல்லை.”

கல்லின் ஓரத்தில்
விரல் பட்டுப் பட்டு வழுவழுத்த ஒரு பள்ளம்.
என் விரல் அதற்கு அளவாக இருந்தது.

ஓட்டையால் முதலில் மணம் வந்தது:
சேறு, காய்கிற பாசி, எங்கிருந்தோ மண்ணெண்ணெய்.
பிறகுதான் வெளிச்சம்.
முகத்தை வைத்துப் பார்த்தேன்.
சிறகுவலைத் தடிகள். ஒரு கொக்கு.
ஏரியின் நடு என்று நான் நினைத்திருந்த இடத்தில்
ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
நடந்து போகிறார்.
தண்ணீர் அவருக்கு
முழங்கால்கூட இல்லை.

சூசைதாசன் எஸ்ரிமேற் எழுதித் தந்தார்.
ஓடு, வயறிங், குசினி, மலசலகூடம்.
தெற்கு யன்னலுக்கு நேரே தொகை இல்லை.
“அதைப் பிறகு பாப்பம்.”
கல்லைத் திரும்ப வைக்கப் போனார்.
கீழே வையுங்கோ என்றேன்.

பூட்டும்போது கதவைத் தூக்க மறந்து
நாலு தரம் முயன்றேன்.
உள்ளே, தரையில்,
ஒரு கல்லளவு வெயில்.